ஜெனரல் சொல்லாத ஒரு வார்த்தை

உங்களைத் திட்ட வரலைம்மா. வாசல் காவல்காரர் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருப்பாரு, கிழவன் ஒருத்தன் வந்து சத்தம் போடுறான்னு. சத்தம் போடலை. என் தொண்டையே இப்படித்தான். மைக் இல்லாத காலத்துல இந்த மலையில நின்னு அந்த மலைக்குக் கேக்கிற மாதிரிப் பேசிப் பழகினது, இப்ப குறைன்னா குறையுமா. நீங்க உக்காருங்க. நான் நிக்கிறேன். நின்னுதான் எனக்குப் பழக்கம்.

நீங்கதானே இந்த நினைவு மண்டபத்துக்குத் தமிழ் எழுதினவங்க? சென்னையிலேருந்து வரவழைச்சாங்கன்னு சொன்னாங்க. ஏன், இந்தத் தீவுல தமிழ் தெரிஞ்சவன் ஒருத்தனும் இல்லையான்னு நான் கேக்கலை. நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. வெளியில அந்தக் கல்லுல சாக்பீஸால வரைஞ்சு வச்சிருக்காங்க இல்ல, ஒரு எழுத்து விடாமப் படிச்சேன். 'துப்பாக்கியோடு காட்டிலிருந்து வந்தேன். துப்பாக்கியைக் கீழே வைத்தேன். இன்று இந்த நாற்காலியையும் விட்டு எழுகிறேன்.' கச்சிதம். ஒரு புள்ளி தப்பில்லை. கடைசி வார்த்தைதான்மா. அதுக்குத்தான் காலையிலேருந்து உங்க வாசல்ல தவம் கிடக்கிறேன்.

'போகிறேன்.' என்னம்மா இது? போகிறேன்னு எந்த மனுஷன் சொல்லுவான்? நீங்க ஒரு வீட்டுக்குப் போறீங்க, காபி குடிக்கிறீங்க, கிளம்புறப்போ என்ன சொல்லிட்டுக் கிளம்புவீங்க? போறேன்னா? உங்க அம்மா வாயிலேயே போட மாட்டாங்களா? போயிட்டு வரேன். அவ்வளவுதான் நான் கேக்கிறது. 'போய் வருகிறேன்'னு மாத்திடுங்க. கல்லுல இடம் இருக்கு, நான் பாத்துட்டேன். உளிக்காரர் இன்னும் துப்பாக்கியிலதான் இருக்காரு. கேக்குதா, டொக்கு டொக்குன்னு. அவர் கடைசி வரிக்கு வர்றதுக்குள்ள நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.

தெரியும், தெரியும். மூலத்துல அப்படி இல்லைன்னுதானே சொல்ல வர்றீங்க. மூலத்தைப் பத்தி எனக்குச் சொல்லாதீங்கம்மா. மூலம் ஜெனரல் வாயிலேருந்து வந்தப்போ ஒரு முழம் தள்ளி நின்னவன் நான்.

என் பேரு அங்கமுத்து. கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. உள்ள ஹால்ல ஜெனரல் கொடியேத்துற போட்டோவைப் பெருசா மாட்டியிருக்கீங்களே, அதுல அவர் தோளுக்குப் பின்னால ஒரு காது தெரியும். அது என் காது. நம்ம ஜனங்களுக்கு ஜெனரலோட குரல்னா அது என் குரல்தான். அவர் தீவுப் பாஷையில பேசுவாரு, நான் தமிழ்ல சொல்லுவேன். முழு ஆளாப் போட்டிருக்க வேண்டாம், அந்தக் காதுக்குக் கீழ ஒரு பேராவது போட்டிருக்கலாம். சரி விடுங்க, அதுக்கு நான் வரலை.

ஜெனரல் ஆரம்பத்துல ஜெனரல் இல்லை. வெள்ளைக்காரன் பட்டாளத்துல குதிரைக்குப் புல்லு போட்டவரு. ஒரு நாள் மேலதிகாரி ஒருத்தன் சவுக்கைத் திருப்பிப் பிடிச்சு வாயிலேயே அடிச்சான். முன்பல்லு அத்தனையும் போச்சு. வாயைத் துடைச்சுக்கிட்டு, குதிரைகளை எல்லாம் அவுத்துவிட்டுட்டுக் காட்டுக்குள்ள போனாரு. அங்கேருந்துதான் இந்த நாடு ஆரம்பிக்குது. நீங்க உள்ள எழுதி வச்சிருக்கிறது வேற மாதிரி இருக்கு, சுதந்திர தாகம், அது இதுன்னு. எனக்குத் தெரிஞ்சு பல்லுதான்.

பசிச்சு எங்க எஸ்டேட்டுக்கு வந்தாரு. பல்லு இல்லாதவருக்கு என்ன குடுக்கிறது? கஞ்சியும் தேங்காய்த் துவையலும் குடுத்தோம். அன்னைக்கு அங்க இருந்தவங்கள்ல தீவுப் பாஷை தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். எங்கம்மா தீவுக்காரங்க வீட்டுல சமையல் வேலை பாத்தாங்க, அந்த அடுப்படியில வளந்தவன். 'இவங்ககிட்ட நான் சொல்றதைச் சொல்லு'ன்னாரு. அன்னைக்குப் பிடிச்ச பிடிதான், வருஷக்கணக்கா விடலை.

முதல் தடவை என்ன சொன்னார் தெரியுமா? லயத்து வாசல்ல, எங்க கூலி வீட்டு வரிசைக்கு முன்னால, ஆம்பளைங்களை எல்லாம் நிக்க வச்சு, 'என்கூட வர்றவங்களுக்குச் சாவைத் தவிர வேற எதையும் நான் தர முடியாது'ன்னாரு. என்னம்மா பேச்சு இது. நல்ல காரியத்துக்குக் கிளம்புறப்போ யாராவது சாவுன்னு வாயெடுப்பாங்களா? பொம்பளைங்க வேற கைக்குழந்தையோட நிக்கிறாங்க. நான் சொன்னேன், 'கூட வந்தா உங்களைக் கண்ணு மாதிரிப் பாத்துக்குவேன்னு சொல்றாரு'ன்னு. உடனே எங்க லயத்துலேருந்தே அத்தனை பேர் வந்தாங்க. ஜெனரலே அசந்துட்டாரு. 'சாவுன்னு சொல்லியும் வர்றாங்களே, என்ன ஜனங்கய்யா இவங்க'ன்னு என் தோளைத் தட்டினாரு. நம்ம ஜனங்க மேல அவருக்கு மரியாதை வந்ததே அப்படித்தான். போனவங்கள்ல பாதிப் பேரு திரும்பலை, அது வேற விஷயம். சண்டைன்னா அப்படித்தான் இருக்கும்.

டீ வேண்டாம்மா. குடிச்சா மறந்துடுவேன். உளிச் சத்தம் நின்ன மாதிரி இருக்கு? ஓ, தீட்டுறாரா. சரி.

வெள்ளைக்காரன் கப்பலேறினான், இவர் அரண்மனைக்குப் போனாரு. வெளிநாட்டுலேருந்து பல்லு செட்டு வந்துச்சு. அதைப் போட்டுக்கிட்டா அவருக்குப் பேச்சே வராது, டக்கு டக்குன்னு இடிக்கும். அதனால ரெண்டு வார்த்தையில முடிச்சிடுவாரு. அதை நான் இருபது ஆக்கணும். ரேஷன் அரிசி குறையும்னு அவர் ஒரு வரியில சொன்னா, ஐயா உங்களை நெனச்சுச் சாப்பிடாம இருக்காருன்னு நான் ரெண்டு வரி சேர்த்துச் சொல்லணும். மொட்டையா அப்படியே சொன்னா ஜனங்க மனசு என்ன பாடுபடும்? அதையெல்லாம் பாக்கணும் இல்ல. உங்க படிப்புல இதைச் சொல்லிக் குடுத்திருக்க மாட்டாங்க.

இந்தப் பக்கம் மட்டும் இல்லம்மா, அந்தப் பக்கமும் அப்படித்தான். ஒரு தடவை மேல் எஸ்டேட்டுக்குப் போறோம். மழைக்காலம். லயம் எல்லாம் ஒழுகுது. சண்டையில புருஷனைக் குடுத்த ஒருத்தி, பேரு மூக்கம்மா, குறுக்க வந்து நின்னா. 'நிலம் தர்றேன்னான், கூரை தர்றேன்னான், ஒண்ணும் இல்லை, இவன் கட்டையில போக'ன்னு மண்ணை வாரித் தூத்தினா. ஜெனரல் என்னைப் பாத்து, 'என்ன சொல்றாங்க?'ன்னாரு. நான் என்னத்தைச் சொல்ல? நாட்டுக்கே தலைவரு, மூஞ்சிக்கு நேரா கட்டையில போன்னா சொல்றது? 'உங்க மேல திருஷ்டி படக் கூடாதுன்னு மண்ணு எடுத்துச் சுத்திப் போடுறாங்க'ன்னேன். அவருக்குக் கண்ணே கலங்கிடுச்சு. ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுட்டுப் போனாரு. கூரை இன்னைக்கு வரைக்கும் ஒழுகுதுன்னு வச்சுக்கங்க. அதுக்கு ஜெனரல் என்ன பண்ணுவாரு. சுத்தி இருந்த அதிகாரிங்க எதையும் அவர் காதுக்குக் கொண்டு போறதில்லை. அதுதான் இந்த நாட்டைக் கெடுத்தது.

விஷயத்துக்கு வர்றேன். அந்த விடைபெறும் பேச்சு.

எந்த ஊர்லம்மா ராஜாவா உக்காந்தவன் தானா எழுந்திருச்சிருக்கான்? இவர் எழுந்தாரு. யாரும் சொல்லலை. உடம்பும் நல்லாத்தான் இருந்துச்சு. 'வெள்ளைக்காரன் உக்காந்த நாற்காலி, ரொம்ப நாள் உக்காந்தா அவன் புத்தி ஏறிடும்'னு என்கிட்டத் தனியாச் சொன்னாரு. அந்த ஒரு விஷயத்துல மகான். அதை மட்டும் யாரு மறுத்தாலும் நான் சண்டைக்கு நிப்பேன்.

மைதானத்துல கூட்டம். நம்ம ஜனங்க தனியா ஒரு பக்கம், எங்க பேச்சாயியும் அதுல இருந்தா. பேச்சாயி என் வீட்டுக்காரி. என் குரலை ஸ்பீக்கர்ல கேக்கணும்னே புதுச் சேலை கட்டிக்கிட்டு வந்தா. ஜெனரல் பேசறாரு. துப்பாக்கி, நாற்காலி, எல்லாம் நீங்க எழுதின மாதிரிதான். கடைசியில ஒரே வார்த்தை. 'மோரா.' தீவுப் பாஷையில அதுக்கு மேல ஒண்ணும் கிடையாது. போறேன், முடிஞ்சுது. பல்லு இடிச்சதோ என்னவோ, அதோட மைக்கை விட்டு நகந்துட்டாரு. அந்தப் பக்கம் தீவுக்காரங்க ஓன்னு அழறாங்க. நம்ம பக்கம் அத்தனை மூஞ்சியும் என்னையே பாக்குது.

நான் சொன்னேன், 'போயிட்டு வரேன்.'

வேற என்னம்மா சொல்லியிருக்கணும்? யோசிச்செல்லாம் சொல்லலை. வாயில அதுதான் வரும். போறேன்னு சொல்லத் தமிழ்ல நாக்கே திரும்பாது. நம்ம ஜனங்க ஒரே கைத்தட்டல், விசில். அந்தப் பக்கம் அழுகை, இந்தப் பக்கம் விசில். ஜெனரல் திரும்பிப் பாத்தாரு. இத்தனை வருஷத்துல முதல் தடவையா என்கிட்டக் கேட்டாரு, 'நீ என்ன சொன்னே?'ன்னு.

விளக்கினேன். எங்க வழக்கத்துல போறேன்னு சொல்ல மாட்டோம் ஐயா, போயிட்டுத் திரும்பி வருவேன்னுதான் சொல்லுவோம்னேன். 'சாகப் போறவன்கூடவா?'ன்னாரு. எல்லாரும்தான்னேன். 'திரும்பச் சொல்லு'ன்னாரு. சொன்னேன். அவரும் சொல்லிப் பாத்தாரு. 'போத்து வாரே.' ரெண்டு மூணு தடவை சொல்லிச் சிரிச்சாரு. காருல ஏறினப்போ கண்ணாடியை இறக்கி என்னைப் பாத்துச் சொன்னாரு, 'போத்து வாரே.' நானும் சிரிச்சுக்கிட்டே கையெடுத்துக் கும்பிட்டேன்.

வந்துட்டாரும்மா.

நீங்க படிச்சிருப்பீங்க. புதுசா வந்தவன் சரியில்லை, பட்டாளத்துக்காரங்க இவர் தோட்டத்துக்குப் போய்க் கூப்பிட்டாங்க, வந்துட்டாரு. அதுல என் தப்பு என்ன இருக்கு? ஆனா ரேடியோவுல அன்னைக்கு முதல் வார்த்தையைத் தமிழ்ல சொல்லிட்டுத்தான் மத்ததைத் தீவுப் பாஷையில பேசினாரு. 'போத்து வாரேன்னு சொன்னேன். வந்துட்டேன். அன்னைக்கு என் மனசைப் புரிஞ்சுக்கிட்டவங்க தமிழ் ஜனங்க மட்டும்தான்.' அவ்வளவுதான், தீவுக்காரங்க எல்லாரும் எங்க பக்கம் திரும்பினாங்க. நீங்கதான் கூப்பிட்டீங்க, நீங்கதான் விசிலடிச்சீங்கன்னு. கடை எரிஞ்சது, லயம் எரிஞ்சது. நான் என்னம்மா பண்ணுவேன்? மரியாதையாப் பேசினது ஒரு குத்தமா?

அப்புறம் எனக்கு வேலையும் இல்லாமப் போச்சு. ரெண்டாவது தடவை வந்தப்போ அவர் எந்த எஸ்டேட்டுக்கும் போகலை. ஜீப்புதான் போச்சு. ஜீப்புல துப்பாக்கியோட வர்றவனுக்கு எதுக்கு மொழிபெயர்ப்பு? கடைசி வரைக்கும் நாற்காலியை விடலை. அதுலேயே செத்தாரு.

எதுக்கு இப்படிப் பாக்குறீங்க? புது அரசாங்கம் என்ன நெனைக்குதுன்னு எனக்குப் புரியுது. ரெண்டாவது தடவை வந்தவரை மறந்துட்டு, எழுந்து போனவரை மட்டும் கல்லுல வைக்கணும். நல்ல எண்ணம்தான். அதனாலதான் 'போகிறேன்'னு அழுத்தமா இருக்கணும். இருக்கட்டும். தீவுப் பாஷைக் கல்லுல 'மோரா'ன்னே வெட்டுங்க. இங்கிலீஷ் கல்லுல என்ன வேணா வெட்டுங்க. தமிழ்க் கல்லு ஒண்ணுதானேம்மா. அதை யாரு படிக்கப் போறா? நம்ம ஜனங்க நாலு பேரு.

பேச்சாயி படிப்பா. அதுதான்.

திறப்பு விழாவுக்கு எங்களைக் கூப்பிட்டிருக்காங்க. பழைய ஆளுங்கன்னு முன்வரிசையில ரெண்டு நாற்காலி. அவ எஸ்டேட் பள்ளிக்கூடத்துல படிச்சவ. தமிழ் எழுத்தை எங்க பாத்தாலும் விட மாட்டா. பஸ்ஸுல ஒட்டின விளம்பரம், தீப்பெட்டி, மாத்திரை அட்டை, எல்லாத்தையும் எழுத்துக் கூட்டிச் சத்தமாப் படிப்பா. படிச்சுட்டுத்தான் நகருவா. கல்லு முன்னால நின்னா என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும்.

எங்களுக்கு ஒரு பையன். தனராசு. காலேஜுல படிச்சுக்கிட்டிருந்தான். ஜெனரல் திரும்பி வந்த வருஷம் என்கிட்டப் பேச்சையே நிறுத்திட்டான். ஒரு நாள் மட்டும் பேசினான். 'மூக்கம்மா என்ன சொன்னாங்கன்னு அன்னைக்கே அந்த ஆளுகிட்டச் சொல்லியிருந்தா என்னப்பா ஆகியிருக்கும்?'ன்னான். என்ன ஆகியிருக்கும், மூக்கம்மாவைப் பிடிச்சு உள்ள போட்டிருப்பாங்கன்னேன். 'இல்லப்பா. ஒருவேளை கூரை போட்டிருப்பாரு'ன்னான். படிச்ச பிள்ளைங்களுக்கு உலகம் தெரியாதும்மா. உங்களைச் சொல்லலை.

அப்புறம் ஒரு காலையில பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு நிக்கிறான். எங்கடான்னேன். காட்டைக் காட்டினான். ஜெனரல் போன அதே காடு. அவன் கூட்டாளிங்க ஏற்கெனவே போயிருந்தாங்க. நான் வாசல்ல நிக்கிறேன், பேச்சாயி உள்ள அம்மியில அரைச்சுக்கிட்டிருக்கா, சத்தத்துல அவளுக்கு ஒண்ணும் கேக்கலை. அவன் செருப்பை மாட்டினான், என்னைப் பாத்தான், 'போறேன்'னான்.

போறேன்னு சொல்லாதேடா, வரேன்னு சொல்லுடான்னேன். சொல்லலை. அந்த ஒரு வார்த்தையில அவனுக்கு என்ன குறைஞ்சிடப் போகுது? பின்னாலேயே வேலி வரைக்கும் போனேன். சொல்லிட்டுப் போடா, அம்மாவுக்காகவாவது சொல்லிட்டுப் போடான்னு கேட்டேன். 'நான் சொல்றதை அப்படியே சொல்லுங்கப்பா. ஒரு தடவையாவது'ன்னான். திரும்பிப் பாக்காமப் போனான்.

அம்மிச் சத்தம் நின்னுச்சு. உள்ளேருந்து கேக்கிறா, 'என்ன சொல்லிட்டுப் போறான்?'

நான் என்னம்மா சொல்லியிருக்கணும்? நீங்க சொல்லுங்க. பெத்தவ கேக்கிறா.

'போயிட்டு வரேங்கிறான்'னேன்.

அப்புறம் அரண்மனைக்கும் போனேன். வெயில்ல நின்னு நின்னு ஜெனரலைப் பிடிச்சேன். தனராசு பேரைச் சொன்னேன். பல்லு இடிக்கச் சொன்னாரு, 'காட்டுக்குப் போனவன் எவனும் எனக்குத் தெரியாது. நீயும் மறந்துடு.' வீட்டுக்கு வந்தா வாசல்லேயே நிக்கிறா. என்ன சொன்னாருன்னு கேட்டா. 'பாத்துக்கிறேன்னாரு'ன்னு சொன்னேன்.

அவ அன்னைக்கு என்ன சொன்னா தெரியுமா? 'ஜெனரல் மைதானத்துல என் காது கேக்கப் போயிட்டு வரேன்னாரு, வந்தாரு. என் பிள்ளையும் சொல்லிட்டுத்தானே போயிருக்கான். வருவான்.' இன்னைக்கு வரைக்கும் அதையேதான் சொல்றா. ஜெனரல் செத்த அன்னைக்கு ஊரே வெடி போட்டுச்சு. இவ மட்டும் அழுதா. 'சொன்ன சொல்லைக் காப்பாத்தின மனுஷன்'னு அழுதா. தனராசு சட்டையை வருஷா வருஷம் வெயில்ல போட்டு எடுத்து வைக்கிறா. பக்கத்து வீட்டுக்காரங்க, போனவன் போயிட்டான் தாயி, ஒரு சாமியைக் கும்பிட்டு மனசை ஆத்திக்கன்னு சொன்னா, சண்டைக்குப் போறா. 'சொல்லிக்காமப் போனவனா அவன்? அவங்கப்பாகிட்டக் கேளு, என்ன சொல்லிட்டுப் போனான்னு'ங்கிறா. அவங்க என்னைப் பாப்பாங்க. நான் ஆமாம்னு தலையாட்டுவேன்.

நான் பொய் சொல்றவன் இல்லம்மா. வார்த்தையை மாத்தினேனே தவிர பொய் சொல்லலை. இத்தனை வருஷம் அவ சோறு சாப்பிடுறா, தூங்குறா, சிரிக்கக்கூடச் செய்யுறா. எதை வச்சு? நான் சொன்ன அந்த ஒரு வார்த்தையை வச்சு. அதைப் போய் நீங்க கல்லுல தப்புன்னு வெட்டப் போறீங்க.

அழைச்சுட்டு வராமலே இருக்கலாமேன்னு கேக்குறீங்களா? அழைப்பு வந்த அன்னைக்கே சேலையை எடுத்து இஸ்திரிக்குக் குடுத்துட்டா. மைதானத்துக்குக் கட்டிக்கிட்டு வந்தாளே, அதே சேலை. ஜெனரல் சொன்னதைக் கல்லுல பாக்கணும்ங்கிறா. தொட்டுப் பாக்கணுமாம்.

தலையை ஆட்டாதீங்கம்மா. முடியாதுன்னா வாயால சொல்லுங்க. உங்க மேலதிகாரி ஒத்துக்க மாட்டாரா, உங்க மனசு ஒத்துக்கலையா? மூலத்துக்கு உண்மையா இருக்கணும். சரி. எனக்கும் ஒருத்தன் அதைத்தான் சொல்லிட்டுப் போனான்.

உளிச் சத்தம் இப்ப நின்னது தீட்டுறதுக்கு இல்லை. கடைசி வரிக்கு ஏணியை நகத்துறாரு. ஜன்னல் வழியாத் தெரியுது பாருங்க.

அப்ப இது ஒண்ணாவது செய்யுங்க. பேச்சாயி அங்க நின்னு எழுத்துக் கூட்டுவா. போ, கி, றே, ன். படிச்சு முடிச்சதும் கல்லைப் பாக்க மாட்டா, என்னைத்தான் பாப்பா. ஜெனரல் இதையா சொன்னாருன்னு முதல்ல கேப்பா. அதுக்கு எப்படியாவது ஒரு பதில் சொல்லிடுவேன், சென்னைக்காரங்களுக்கு நம்ம பேச்சுத் தெரியலைன்னு உங்க மேலேயே போட்டுடுவேன், கோவிச்சுக்காதீங்க. அந்த எழுத்தை ஒரு தடவை தொட்டுப் பாப்பா. அப்புறம் இன்னொண்ணு கேப்பா. 'அப்ப தனராசு என்ன சொன்னான்?'னு கேப்பா.

நீங்கதான் சரியாச் சொல்றவங்க ஆச்சே. அதுக்கு நான் என்ன சொல்லணும்னு இந்தக் காகிதத்துல தமிழ்ல எழுதிக் குடுங்க. ஒரு எழுத்து மாத்தாம அப்படியே படிச்சிடுறேன்.